வெள்ளையடித்த சுவரும் கழுவும் சுவரும்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே தமிழ்நாட்டுத் தெருக்களில் சுண்ணாம்பு வாடை வீசிய காலம் ஒன்று உண்டு. எழுபதுகள் வரைக்கும், சிற்றூர்களில் எண்பதுகளிலும்கூட, தை பிறக்கும்போது வீட்டு வெளிச்சுவர் வெள்ளையாக இருந்தாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் அந்தச் சுவரை யாரும் கழுவியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாசி ஏறிய சுவரில் உதிர்வதை உதிர்த்துவிட்டு, அதன்மேல் புதிதாக ஒரு படலம் சுண்ணாம்பு ஏற்றினார்கள். சுத்தம் செய்வது என்றால் அதுதான்.

இன்று தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தோடு ஆள் வருகிறார். அரை நாளில் சுவர் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அன்று சுத்தம் செய்யும்போது சுவருக்கு ஏதோ ஒன்று சேர்ந்தது. இன்று சுத்தம் செய்யும்போது சுவரிலிருந்து ஏதோ ஒன்று போகிறது. வீட்டின் வெளிப்புறத்தைப் பற்றி யோசிக்கிற யாரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இது என்று நான் நினைக்கிறேன். கழுவும்போது நேரும் சேதங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

அந்தச் சுண்ணாம்பு வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் கிளிஞ்சல், உள்நாட்டில் சுண்ணாம்புக்கல். எதுவானாலும் காளவாயில் கரியோடு அடுக்கி ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் சூட்டில் எரித்தால், உள்ளே கட்டுண்டிருந்த கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை வாங்கிவந்து தொட்டியிலோ தோட்டத்தில் தோண்டிய குழியிலோ கொட்டித் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். நீற்றுவது என்பார்கள். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள். நன்றாக ஊறியபின் கோணியில் வடிகட்டி, சுவரில் பிடிப்பதற்குக் கஞ்சியோ வச்சிரப் பசையோ கலப்பார்கள். வெள்ளை எடுத்துக்காட்டச் சிறிது நீலம். பூசுவதற்குப் பனை மட்டையையோ தாழை விழுதையோ நுனி நசுக்கி நார் பிரித்து வைத்திருப்பார்கள்.

சுவரை முதலில் நன்றாகத் தேய்த்து, தளர்ந்த செதில்களைச் சுரண்டி, பிறகு தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். நனைக்காமல் பூசினால் சுவர் நீரை உறிஞ்சிவிடும், சுண்ணாம்பு தூளாக நிற்கும். பூசும்போது ஒன்றும் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். முதல் பூச்சு காய்ந்ததும் அதற்குக் குறுக்காக இன்னொன்று. சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, சுவரில் ஏறிய சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. கடலோரத்துக் கிளிஞ்சல் தீயையும் நீரையும் கடந்து வந்து ஒரு வீட்டின் முகப்பில் திரும்பவும் ஓடாக உறைகிறது. மயிரிழை விரிசல்கள் எல்லாம் அந்தச் சுண்ணாம்புப் பாலில் நிரம்பிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை சுவரை அங்குலம் அங்குலமாக ஒருவர் கண்ணால் பார்த்தார், கையால் தொட்டார் என்பதும் இதில் அடங்கும். எங்கே ஊறுகிறது, எங்கே உப்புகிறது, எந்த மூலையில் ஆலங்கன்று வேர்விடுகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தை மாதத்திலேயே தெரிந்துவிடும்.

பாசிக்கு எதிரான மருந்தும் அதுவேதான். தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். பாசியும் பூஞ்சையும் அதில் பிழைக்க முடியாது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லை, அதுவே அன்று மலிவாகக் கிடைத்த கிருமிநாசினி.

காலம் குறித்ததிலும் கணக்கு இருந்தது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள், கொட்டித் தீர்க்கிறது. மழை ஓய்ந்து, சுவர் சற்றே ஈரம் காத்து, வெயில் இன்னும் கடுக்காத நாட்கள் மார்கழிக் கடைசியில்தான் கிடைக்கும். சித்திரை வெயிலில் அடித்த சுண்ணாம்பு கல்லாவதற்கு முன்பே காய்ந்து உதிரும். போகிக்கு முன் வெள்ளையடிப்பது என்ற வழக்கம் இந்த மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் சரியாகப் பொருந்தியிருந்தது.

சுவரைக் காத்ததில் கூரைக்கும் பங்கு உண்டு. ஓட்டு வீட்டின் இறவாணம் சுவரைத் தாண்டி இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். மழை சுவரில் நேராக விழாது. தரையில் விழுந்து தெறிக்கும் சேற்றுநீர்தான் அடிச்சுவரைக் கறைப்படுத்தும். அதனால் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப்பட்டை இழுத்துவிட்டார்கள். செம்மண் தெறித்தாலும் காவியில் தெரியாது. வெள்ளையும் காவியும் கண்ணுக்கு மங்கலமாக இருந்ததோடு, அழுக்குப் படும் இடத்தையும் அறிந்து வைத்த ஏற்பாடு அது.

அந்தக் காலத்தை மேலே தூக்கி வைப்பது என் எண்ணமில்லை. சுண்ணாம்பு தெறித்துக் கண் போன வேலையாட்கள் இருந்தார்கள். கண்ணாடியும் கையுறையும் யாரும் கொடுத்ததில்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் அதே வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலி மிகக் குறைவு. சுவரில் சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளை. ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய வேலை என்பதும் ஒரு சுமைதான். மாற்று வந்ததும் மக்கள் அதை வரவேற்றதில் தவறே இல்லை.

வெள்ளையடிக்கவே தேவையில்லாத சுவர்களும் அன்று இருந்தன. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சு அப்படிப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நைய அரைத்து, கடுக்காய் நீர், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், நூறாண்டு கடந்தும் முகம் தெரிகிறது. சென்னையில் வெள்ளைக்காரர்கள் கண்டு வியந்து ஊருக்கு எழுதிய ‘மெட்ராஸ் சுனம்’ இதே குடும்பத்துக் கலைதான். இப்படிப்பட்ட சுவர் உங்கள் பொறுப்பில் இருந்தால் அதன்மீது சோப்பும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

பிறகு சிமென்ட் வந்தது. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் தயாரிக்கும் தொடக்கக்கால முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கடல் கிளிஞ்சலைக் கொண்டு. அது நிலைக்கவில்லை. முப்பதுகளில் டால்மியாபுரம் போன்ற இடங்களில் ஆலைகள் வந்தபின், காளவாய்க்குப் போன சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைக்குப் போகத் தொடங்கியது. சுவர்ப்பூச்சு மாறியது. அதன்மேல் அடிக்கும் வண்ணமும் மாறியது. முதலில் சிமென்ட் பெயின்ட். கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகி ஊரெல்லாம் அதை ஸ்னோசெம் என்றார்கள். அடித்தபின் சில நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும், நான்கைந்து ஆண்டு தாங்கும். அதுவரைக்கும் சுவருக்குப் பெரிய கேடு இல்லை. சிமென்ட் பெயின்ட்டும் சுண்ணாம்பைப் போலவே உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே விடும்.

தொண்ணூறுகளுக்குப் பின் பரவலான அக்ரிலிக் எமல்ஷன்தான் உண்மையான திருப்பம். இது சுவரின்மேல் இழுத்துக் கட்டிய நெகிழிப் படலம். மழைநீரை உள்ளே விடாது, அதில் அது கெட்டிக்காரன். ஆனால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதமும், குளியலறைக் குழாய் கசிவும், மொட்டைமாடி விரிசலில் இறங்கும் நீரும் வெளியேறும் வழியையும் அது குறுக்கிவிடுகிறது. அந்த ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து படலத்துக்குப் பின்னால் தங்கும். பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு தோடாக உரியும். ஏழு ஆண்டு, பத்து ஆண்டு உத்தரவாதத்தோடு வாங்கிய வண்ணம் என்பதால் அதுவரைக்கும் சுவரை நின்று பார்க்கவும் ஆளில்லை. ஆண்டுக்கு ஒரு முறை சுவர் முழுவதையும் தொட்டுப் பார்த்த கை போய்விட்டது. இதைத்தான் பெரிய இழப்பாக நான் கருதுகிறேன்.

வீட்டின் வடிவமும் மாறிவிட்டது. இறவாணம் போயிற்று. பெட்டிபோலக் கட்டி, முகப்புக்கு எலிவேஷன் என்று பட்டைகளும் பள்ளங்களும் வைக்கிறார்கள், சன்ஷேடுகூட இல்லாத ஜன்னல்கள் வருகின்றன. மழை நேராகச் சுவரில் அடிக்கிறது. கைப்பிடிச் சுவரின் தலையில் தூசி படிகிறது, மழை அதைக் கரைத்து வரிவரியாகச் சுவரில் இறக்குகிறது. அந்த ஈர வரியில் நீலப்பச்சைப் பாசி குடியேறுகிறது. மழைக்காலத்தில் பச்சையாகத் தெரிவது வெயிலில் காய்ந்து கருத்துவிடும், சாகாது. அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நம் வீட்டு வெளிச்சுவர்களில் கருப்பு வழிசல்களாக நாம் பார்ப்பவற்றில் பெரும்பகுதி இதுதான். கன்னியாகுமரிப் பக்கம், இரண்டு பருவமழையும் பெய்யும் இடங்களில், செங்காவி நிறத்தில் ஒரு படலம் ஏறும். பார்க்கத் துருபோல இருக்கும், ஆனால் அதுவும் பாசி இனமே.

இந்தக் கருப்பைப் போக்கத்தான் இயந்திரம் வருகிறது. 1950இல் ஜெர்மனியில் ஆல்பிரட் கார்ச்சர் சுடுநீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் கருவியைக் கொண்டுவந்தார். அந்த வகைக் கருவி நமக்கு முதலில் அறிமுகமானது வாட்டர் சர்வீஸ் நிலையங்களில். லாரியின் அடிப்பாகத்துச் சேற்றையும் கிரீஸையும் கிளப்ப அது தகுந்த கருவி. இப்போது கையடக்கமாக வந்து, வாடகைக்கும் கிடைத்து, வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது.

அதன் வலிமையை ஒரு கணக்கில் சொல்லலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கீழ்க்குழாயைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் வரும் அழுத்தம் சுமார் 1 பார். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் இயந்திரங்களே 100 முதல் 130 பார் வரை தருகின்றன. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் தொட்டி கட்டி அங்கிருந்து குழாய் இறக்கியதற்குச் சமம். அதை அரை அடி தூரத்தில் சுவரில் காட்டினால் பாசி மட்டுமா போகும்? படலம் கிழியும். விரிசல் இருந்தால் அதற்குள் நீர் ஊசிபோல் ஏறும். சிமென்ட் பூச்சின் மேல்படலம் போய் மணல் தெரியும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடைத்த சாந்து பெயர்ந்து, அடுத்த மழைக்கு அறைக்குள் தண்ணீர் வழியும். கழுவிய அன்று எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. சுவர் அன்றைக்கு அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கொப்பளம் வரும்போது பெயின்ட் கம்பெனியைத் திட்டுவோம்.

இயந்திரத்தையே தொடக்கூடாது என்று சொல்லமாட்டேன். திடமான சிமென்ட் பூச்சும் உறுதியான வண்ணமும் உள்ள சுவரில் அளவோடு பயன்படுத்தலாம். முனைகளுக்கு நிறம் உண்டு: சிவப்பு நேர்க்கோடாகப் பீய்ச்சும், மஞ்சள் 15 பாகை, பச்சை 25, வெள்ளை 40 பாகைக்கு விரியும். சிவப்பும் மஞ்சளும் வீட்டுச் சுவருக்கு ஆகவே ஆகாது. வெள்ளை முனையை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து, மூன்றடி தள்ளி நின்று, மேலிருந்து கீழாகப் பீய்ச்ச வேண்டும். கீழிருந்து மேல்நோக்கி ஒருபோதும் கூடாது. சன்ஷேடின் அடி, ஜன்னலின் மேல்விளிம்பு, மின்விளக்குப் பெட்டி, ஏ.சி. குழாய் நுழையும் துளை எல்லாம் மேலிருந்து வரும் மழையைத் தடுக்கவே அமைந்தவை. கீழிருந்து வரும் நீருக்கு அவற்றில் தடுப்பு இல்லை.

ஆசிட் விஷயத்தில் எனக்கு இந்தத் தாராளம் இல்லை. கழிப்பறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து சுவரில் ஊற்றும் வழக்கம் பரவிக்கிடக்கிறது. சுண்ணாம்பையும் சிமென்டையும் அமிலம் கரைக்கும். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம், அங்கே போய்க்கொண்டிருப்பது சுவர். மிஞ்சும் குளோரைடு உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஓடு பதித்த முகப்பிலும் அது முதலில் தின்பது ஓடுகளுக்கு இடையே உள்ள சாந்தை. அந்த முகப்புக்குச் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். செங்கல் தெரியக் கட்டிய வீடுகளில் சேதம் இன்னும் கூடுதல். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பழக்கிய, ஆரோவில்லைச் சுற்றியும் நிறைய காணக்கிடைக்கிற அந்தச் சுவர்களில், சூளையில் வெந்து இறுகிய மேல்தோல்தான் செங்கல்லுக்குக் கவசம். ஆசிட்டோ உயர் அழுத்தமோ அதைப் பெயர்த்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மழைக்கு மழை பொடியாகும்.

கடுமையான சுத்தம் என்ன செய்யும் என்பதற்கு நம் கோயில்களே சாட்சி. குடமுழுக்குத் திருப்பணி என்று கற்சுவர்களில் மணலை வேகமாக வீசிச் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்தார்கள். கூடவே கல்வெட்டு எழுத்துகளின் கூர்மையும் சிற்பங்களின் நுணுக்கமும் போயின. பின்னர் அரசு அந்த முறையைத் தடை செய்தது. கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால் முக்கால் அங்குலச் சிமென்ட் பூச்சு எம்மாத்திரம்.

சரி, எப்படித்தான் கழுவுவது? கையால் தொட்டுத் தொடங்குங்கள். உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் வண்ணம் தேய்ந்து முடியும் கட்டத்தில் இருக்கிறது, கழுவினால் திட்டுத்திட்டாகப் போகும். அதற்குக் கழுவுவதைவிட மறுபூச்சுதான் வழி. விரலால் தட்டிப் பாருங்கள். பொட்டென்று வெற்றொலி வரும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே தண்ணீர் படுமுன் கொத்தனார் வர வேண்டும். அடிச்சுவரில் வெள்ளை உப்பு பூத்திருந்தால் அதைத் தண்ணீரால் கழுவாதீர்கள். கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் அந்த இடத்தில் செய்யும் எந்த வேலையும் வீண். ஜன்னல் கம்பியின் துரு வழிந்த கறையும் அப்படித்தான், கம்பிக்கு முதலில் வண்ணம் அடியுங்கள்.

பிறகு மேலிருந்து கீழாக ஒட்டடையையும் தூசியையும் உலர்நிலையில் துடைத்து எடுங்கள். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு ஓரிரு கரண்டி. நீண்ட கழியில் கட்டிய மென்மையான நைலான் பிரஷ். கம்பி பிரஷ் கூடாது. சோப்புத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போய், அலசும்போது மேலிருந்து கீழாக வர வேண்டும். மேலே தொடங்கினால் காய்ந்த சுவரில் வழியும் சோப்பு நீர் வரிவரியாகக் கறையை விட்டுச் செல்லும், அதைப் போக்குவது தனி வேலையாகிவிடும். வெயில் நேராக அடிக்கும் சுவரைத் தொடாதீர்கள். காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலோடு நகருங்கள்.

பாசிக்குச் சோப்பு போதாது. கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடாமல் வைத்து, பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, நன்றாக அலசலாம். பிளீச்சிங் பவுடர் என்றால் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும், அடிமண்டி சுவரில் வெள்ளையாகப் படியும். எதுவானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்குச் செய்து, காய்ந்தபின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். சுவரோரச் செடிகளின் வேரையும் இலையையும் முன்பே நன்றாக நனைத்து, முடிந்தபின்பும் தண்ணீர் விடுங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிளீச்சோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, ஒன்று ஊற்றிய இடத்தில் உடனே மற்றொன்றையும் ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் போர்க்களத்தில் ஆளைக் கொல்ல விட்ட வாயு அது. பிளீச் கைபடும் வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், அது உங்கள் கையானாலும் கூலிக்கு வந்தவர் கையானாலும்.

ஆபத்து சுவரோடு முடிவதில்லை. அன்று மூங்கில் ஏணி, இன்று அலுமினிய ஏணி. நம் தெருக்களில் கம்பத்திலிருந்து வரும் மின்சார சர்வீஸ் வயர் கைப்பிடிச் சுவரை ஒட்டியே போகிறது. ஈரக் கையும் அலுமினிய ஏணியும் அந்த வயரின் அருகே போனால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் கம்பத்திலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அருகே வேலை இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும். ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளிச் சாய்த்து வைக்க வேண்டும். ஏணியில் நின்றபடி உயர் அழுத்தத் துப்பாக்கியை இயக்கவே கூடாது, அதன் பின்னுதைப்பே ஆளைத் தள்ளிவிடும். முதல் மாடிக்கு மேல் என்றால் சாரம் கட்டுங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பழைய வீட்டில் இன்னும் இரண்டு எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமல் அடித்த ஜன்னல், கிராதிகளை உலர்நிலையில் சுரண்டினால் கிளம்பும் தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துத் தேய்க்க வேண்டும், செதில்களைத் தாளில் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரஷ்ஷாலோ அழுத்தத் தண்ணீராலோ தேய்க்கவே கூடாது. அதன் இழை நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது.

வெள்ளம் புகுந்த வீடுகள் தனிக்கதை. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்தபின் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு போட்டிருந்த சுவர்கள் எத்தனை. சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவியவர்களுக்குச் சாதாரணத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. காய விட்டவர்கள் சுரண்ட வேண்டியதாயிற்று. பொங்கலுக்குள் வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்று உடனே எமல்ஷன் அடித்த இடங்களில் கொப்பளம் வந்தது. வெள்ளத்தில் நின்ற செங்கல் சுவர் உள்வரை காய மாதக்கணக்காகும், அதுவரை பொறுக்கத்தான் வேண்டும்.

ஆளை வைத்துச் செய்வதானால் அவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. இந்தச் சுவரில் இருப்பது சுண்ணாம்பா, சிமென்டா, எமல்ஷனா என்று அவர் பார்த்தாரா? என்ன அழுத்தத்தில், எந்த முனையில், எவ்வளவு தூரத்திலிருந்து பீய்ச்சப் போகிறார்? வாளியில் கலந்திருப்பது என்ன? பதில் சொல்லத் தெரிந்தவருக்குச் சதுர அடிக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம். எல்லாச் சுவருக்கும் ஒரே முறை என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எல்லாரும் மறுபடியும் சுண்ணாம்புக்குத் திரும்ப முடியாது. எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டவும் ஒட்டாது. ஆனால் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் இன்னும் நிற்கிற வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அந்த வீடு உங்களுடையதாக இருந்தால் இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள், எமல்ஷனும் அடிக்காதீர்கள். இந்தத் தைக்கு நீற்றிய சுண்ணாம்பு வாங்கி, நனைத்த சுவரில் மெலிதாக இரண்டு பூச்சு அடியுங்கள். எமல்ஷன் வீட்டுக்காரர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: புரட்டாசியில் மழைக்கு முன் மொட்டைமாடி மழைநீர்க் குழாய் அடைப்பை எடுங்கள், தையில் மழை ஓய்ந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து நான்கு சுவரையும் தொட்டுப் பாருங்கள்.